திரைப்படங்களில் பிராணிகள்: படப்பிடிப்பின் செலவும் பாதுகாப்புச் சட்டங்களும்

இந்தியத் திரைப்பட வரலாற்றில் பிராணிகளுக்கு நெடுங்காலமாகவே ஓர் இடம் உண்டு. 1935 இல் வெளிவந்த ‘ஹண்டர்வாலி’யில் கதாநாயகிக்கு இணையாகக் குதிரையும் மக்களைக் கவர்ந்தது. சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் 1971 இல் தயாரித்த ‘ஹாத்தி மேரே ஸாத்தி’ இந்தி நாடெங்கும் வெற்றி பெற்று, அடுத்த ஆண்டே ‘நல்ல நேரம்’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. 1985 இல் ‘தேரி மெஹர்பானியான்’, 2022 இல் கன்னடத்தில் ‘777 சார்லி’ ஆகிய படங்களில் கதையைத் தாங்கி நின்றவை நாய்களே. யானை, குதிரை, நாய், பாம்பு, புறா, ஆடு, மாடு என்று ஏதேனும் ஒன்று தோன்றாத படங்கள் குறைவு எனலாம்.

படப்பிடிப்பில் பங்குபெறும் மனிதர்களுக்கு ஒப்பந்தமும் சங்கமும் உண்டு. வேலை நேரம் பற்றிப் பேசவும், களைப்பென்றால் சொல்லவும் அவர்களால் இயலும். பிராணிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அதன் சார்பில் வேறு யாரேனும் பேசியாக வேண்டும். அப்படிப் பேசுவது யார் பொறுப்பு, எந்தக் கட்டத்தில் பேசினால் பயன் விளையும் என்பவையே இத்துறையில் சட்டம் செய்வோர் முன் நிற்கும் வினாக்கள்.

ஒரு நாள் படப்பிடிப்பின் கணக்கு

சட்டங்களைப் பார்க்குமுன் செலவுக் கணக்கைப் பார்ப்பது நல்லது. ஒரு நாள் படப்பிடிப்பின் செலவில் பெரும்பகுதி, அன்று எத்தனை ஷாட்டுகள் எடுக்கப்பட்டாலும் மாறாத செலவாகும். நடிகர்களின் கால்ஷீட், தளவாடகை, காமிரா, விளக்குகள், ஜெனரேட்டர், தொழிலாளர் பேட்டா, உணவு, வண்டிவாடகை யாவும் விடிந்ததும் ஏறிவிடுகின்றன. குதிரைக்குரிய வாடகையும் வழக்கமாக நாட்கணக்கிலேயே பேசப்படுகிறது. எனவே ஒரே காட்சியைப் பத்தாவது முறை எடுத்தாலும் பதினைந்தாவது முறை எடுத்தாலும் குதிரையின் பெயரில் தயாரிப்பாளருக்குக் கூடுதற் செலவு இல்லை. அக்கூடுதற் செலவு குதிரையின் தசையிலும் குளம்பிலும் மூச்சிலும் விழுகிறது. ஒருவர் எடுக்கும் முடிவின் செலவை வேறொருவர் சுமப்பதைப் பொருளாதார நூல்கள் புறச்செலவு என்று கூறும். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். கடும் வெயிலில் மீண்டும் மீண்டும் ஓடவைக்கப்படும் குதிரையும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

குதிரை தன் மூலதனம் என்பதால் அதன் உரிமையாளர் அதனைக் காப்பார் என்று எதிர்பார்க்கலாம். ஓரளவு காக்கவும் செய்கிறார். ஆனால் திருமண ஊர்வலங்களிலும் கடற்கரைச் சவாரியிலும் கிடைக்கும் சிறு வருவாயைக் கொண்டு லாயம் நடத்துபவருக்குத் திரைப்பட வாய்ப்பு பெரியது. “இனி ஓட்ட முடியாது” என்று அவர் மறுத்தால், அடுத்த படத்திற்குத் தரகர் வேறொருவரைத் தேடிப் போவார். பேரம் பேசும் வலிமை இல்லாதவரிடம் பாதுகாப்பை முழுவதுமாக ஒப்படைத்துவிட முடியாது என்பது தெளிவு. 2021 இல் ஹைதராபாத் அருகே ஒரு வரலாற்றுப் படத்தின் படப்பிடிப்பில் குதிரை ஒன்று இறந்தது. ஓய்வின்றி வேலை வாங்கியதால் நீர்ச்சத்து இழந்து இறந்தது என்று புகார் எழுந்து, காவல்துறை வழக்குப் பதிவு செய்ததும், அந்த மாவட்ட நிர்வாகத்தை விசாரிக்கும்படி இந்தியப் பிராணிகள் நல வாரியம் கேட்டதும் செய்தித்தாள்களில் வெளிவந்தன. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்திற்குரியது. ஆயினும் புகாரின் தன்மை கவனிக்கத்தக்கது. வெடியோ வாளோ அக்குதிரையைக் கொன்றதாக யாரும் கூறவில்லை. வேலையின் அளவே கொன்றது என்று கூறினர்.

சட்டம் வந்த வழி

1890 ஆம் ஆண்டின் பழைய பிராணிவதைத் தடுப்புச் சட்டம் போதாது என்று கருதிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்ற உறுதியின் பேரில் அது திரும்பப் பெறப்பட்டு, 1960 இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962 இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் சென்னையில் இருந்து, பின்னர் ஹரியானா மாநிலம் பல்லப்கருக்கு மாறியது.

1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாவது அத்தியாயம் வித்தை காட்டும் பிராணிகளைப் பற்றியது. பிராணியைப் பழக்குபவரும் காட்சிக்கு வைப்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். மத்திய அரசு அறிவிக்கையில் குறிப்பிடும் பிராணிகளை எவரும் காட்சிக்கு வைக்கவோ அதற்கெனப் பழக்கவோ கூடாது. மீறினால் 500 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இராணுவ, காவல்துறைப் பயிற்சிக்கும் விலங்குக் காட்சிச் சாலைகளுக்கும் விலக்கு உண்டு. சட்டம் எழுதியவர்களின் மனத்தில் இருந்தது சர்க்கஸ் கூடாரமே. ‘காட்சி’ என்பதற்கு, நுழைவுச் சீட்டு விற்றுப் பொதுமக்களை அனுமதிக்கும் கேளிக்கை என்றே அதில் பொருள் கூறப்பட்டுள்ளது. இச்சொற்கள் பின்னர் எழுப்பும் சிக்கலைக் கட்டுரையின் இறுதியில் காணலாம்.

காட்சிக்கு ஆகாத பிராணிகளின் பட்டியல் முதலில் 1991 இல் வெளியாயிற்று. வழக்குகளுக்குப் பின் 1998 அக்டோபர் 14 அன்று கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்ற ஐந்தையும் குறித்துப் புதிய அறிவிக்கை வந்தது. முந்தைய பட்டியலில் இருந்த நாய் இதில் நீக்கப்பட்டது. நாய் இன்றும் திரையில் நடிக்க முடிவதும், குரங்கு நடிக்க முடியாததும் இதனாலேயே. சர்க்கஸ் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2000 இல் அறிவிக்கையை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2001 மே மாதத்தில் அதனை ஏற்றது. 2011 இல் பட்டியலில் காளை சேர்ந்ததும், அதையொட்டி ஜல்லிக்கட்டு பற்றி 2014 முதல் 2023 வரை வந்த தீர்ப்புகளும் தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டுத் திருத்தமும் தனியே படிக்க வேண்டிய வரலாறு.

சர்க்கஸுக்காக எழுதிய சட்டத்தைத் திரைப்படத்திற்குப் பொருத்தியவை 2001 ஆம் ஆண்டின் வித்தை காட்டும் பிராணிகள் பதிவு விதிகளாகும். கேளிக்கை என்பதில் திரைப்படமும் அடங்கும் என்று அவ்விதிகள் வெளிப்படையாகக் கூறின. படத்திற்குப் பிராணியை வாடகைக்கோ இரவலாகவோ தருபவர், அதன் வகை, வயது, உடல்நிலை, செய்யவிருக்கும் வேலை, எவ்வளவு நேரம் என்பது, பழக்கிய முறை, பழக்கிய காலம், அந்தப் பிராணி அக்காட்சிக்கு ஏன் தேவை என்பதற்கான நியாயம் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று இணைக்கப்பட வேண்டும். யானை போன்று 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்ட பிராணியாயின் உரிமைச் சான்றும் வேண்டும். படப்பிடிப்பின் இடம், நாள், நேரம் ஆகியவை குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் அறிவிக்கப்பட வேண்டும்.

இவ்விதியில் ஒரு குறை உண்டு. தகவல் தரும் கடமை விதியின் சொற்படி பிராணியை வாடகைக்குத் தருபவர் மேல் விழுகிறது. காட்சியைத் தீர்மானிப்பவர் இயக்குநர்; செலவைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளர். மூவருள் மிக எளியவரான குதிரைக்காரரிடம் “இந்தக் காட்சிக்குக் குதிரை ஏன் தேவை?” என்று கேட்பது பொருத்தமாகாது. நடைமுறையில் தயாரிப்பு நிறுவனங்களே விண்ணப்பிக்கின்றன. விதியின் சொற்களும் அதற்கேற்ப இருந்திருக்கலாம்.

விதிகளும் அவற்றின் காரணங்களும்

விதிகள் விதிக்கும் நிபந்தனைகளை வெறும் தடைகளாக மனப்பாடம் செய்வதால் மாணவருக்குப் பயன் குறைவு. ஒவ்வொன்றின் பின்னும் ஏதோ ஒரு படப்பிடிப்பு முறையும், அதற்கு மாற்றான மற்றொரு முறையும் உள்ளன.

குதிரையைக் கம்பியாலோ கயிற்றாலோ இடறி விழச் செய்வதும் குழியில் விழச் செய்வதும் தடை செய்யப்பட்டுள்ளன. இம்முறை அமெரிக்கப் படங்களில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. முன்னங்கால்களில் மாட்டிய கம்பியின் மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் கட்டிவிடுவார்கள். முழு வேகத்தில் ஓடும் குதிரை கம்பியின் எல்லை வந்ததும் தலைகுப்புற விழும். விழுந்த குதிரை கழுத்தோ காலோ முறியாமல் எழுந்தால் அது நல்லூழ். 1936 இல் வந்த ‘தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’ படத்தில் இவ்வாறு பல குதிரைகள் மாண்டன. மாற்று முறை, விழுவதற்கென்றே பழக்கப்பட்ட குதிரை. சவாரி செய்பவர் கடிவாளத்தால் தலையை ஒருபுறம் திருப்ப, குதிரை பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும். அந்த இடத்தில் மண்ணைக் கொத்தி மணலோ மரத்தூளோ பரப்பி மெத்தென்று ஆக்கியிருப்பார்கள். வேகம் வேண்டுமென்றால் அதனைக் காமிராவிடம் கேட்கலாம். வினாடிக்கு 24 சட்டகங்கள் என்ற வழக்கமான கணக்கிற்குப் பதில் 12 சட்டகங்களாகப் படம்பிடித்தால் திரையில் இயக்கம் இருமடங்கு வேகமாகத் தோன்றும். மெதுவாக ஓடும் குதிரையைப் பாய்ந்தோடச் செய்ய இத்தகைய உத்திகள் உண்டு. பழக்கிய குதிரைக்கும் பயிற்சியாளருக்கும் கூடுதற் பணம் வேண்டும். கம்பிக்கு அது வேண்டியதில்லை. விதி தடை செய்திராவிட்டால் மலிவான முறையே வென்றிருக்கும்.

வெடிச் சத்தம், நெருப்பு ஆகியவற்றின் அருகில் குதிரை உள்ளிட்ட பிராணிகளை நிறுத்தக் கூடாது என்பது மற்றொரு விதி. மிரண்டால் ஓடுவது குதிரையின் இயல்பு. கயிறும் வேலியும் சுற்றிலும் மனிதர்களும் உள்ள தளத்தில் அவ்வோட்டம் அதற்கும் ஆபத்து, உடன் நிற்பவருக்கும் ஆபத்து. இவ்விதியால் இயக்குநருக்கு இழப்பேதும் இல்லை. போர்க்களத்தின் பேரொலி பெரும்பாலும் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கப்படுவதே. நெருப்பையும் குதிரையையும் தனித்தனியே எடுத்து இணைப்பது பழைய கலை.

செயற்கை வெளிச்சம் 500 லக்ஸுக்கு மேற்படக் கூடாது என்ற விதியைத் தொழில்நுட்பக் கலைஞர்கள் சிலர் நடைமுறைக்கு ஒவ்வாதது என்பர். ஒரு நல்ல அலுவலக மேசையின் மேல் விழும் வெளிச்சம் ஏறத்தாழ இந்த அளவுதான். படச்சுருளைக் கொண்டு படம்பிடித்த நாட்களில், அதிலும் இயக்கத்தை மெதுவாக்கிக் காட்டும் ஷாட்டுகளில், இது இடையூறாக இருந்திருக்கும். இன்றைய மின்னணுக் காமிராக்கள் இதனினும் குறைந்த வெளிச்சத்தில் தெளிவாகப் படம்பிடிக்கின்றன. தொழில்நுட்பம் விதியை எட்டிப் பிடித்த அரிய நிகழ்வு இது.

பாம்பைப் பற்றிய விதி முழுக்க முழுக்க நம் நாட்டுப் படங்களைக் கண்டு எழுதப்பட்டது. பாம்பை எதையும் விழுங்கச் செய்யக் கூடாது. தார்ச்சாலை போன்ற சூடான பரப்பில் ஊரவிடக் கூடாது. மல்லுக்கட்டுவது போல் முறுக்கக் கூடாது. நாகதேவதைக் கதைகளில் பாம்பு பால் குடிக்கும் காட்சி வழக்கமானது. பாம்பின் உணவில் பாலுக்கு இடமில்லை. நாட்கணக்கில் தண்ணீர் இல்லாமல் வைக்கப்பட்ட பாம்பு, வேறு வழியின்றிப் பாலில் வாய் வைக்கும். அது அதன் உடலுக்கு ஒவ்வாது. பாம்பின் உடல்வெப்பம் அது கிடக்கும் தரையைப் பொறுத்தது என்பதால் நண்பகல் தார்ச்சாலை அதற்குக் கொதிகல்லாகும். பல்லைப் பிடுங்குவதும் வாயைத் தைப்பதும் பாம்பாட்டிகளிடம் இருந்த பழக்கங்கள். நல்ல பாம்பு வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அதனைப் பிடிப்பதே குற்றம்.

ஏனைய விதிகளைச் சுருக்கமாகக் கூறலாம். நோயுற்ற, காயமுற்ற, சினையாக உள்ள பிராணியை நடிக்க வைக்கக் கூடாது. பழக்குவதற்காகத் தீனியோ தண்ணீரோ மறுக்கக் கூடாது. மயக்க மருந்தும் ஊக்க மருந்தும் கூடா. வழுக்கும் தரையில் விரிப்பின்றி நிறுத்தக் கூடாது. லாடமின்றிக் குதிரையைக் கடினத் தரையில் நடத்தக் கூடாது. ஒரு பிராணியை மற்றொன்றுடன் சண்டையிட ஏவக் கூடாது. சேவற்சண்டைக் காட்சிகளுக்கும் இது பொருந்தும். பறவைகளைக் கூண்டில் வைத்துப் படம்பிடிக்கலாகாது. சாலை வழியே தொடர்ந்து எட்டு மணி நேரத்திற்கு மேல் ஏற்றிச் செல்லக் கூடாது. பத்தோ அதற்கு மேலோ பிராணிகளை வைத்திருப்பவர் கால்நடை மருத்துவரைப் பணியில் அமர்த்தியிருக்க வேண்டும்.

போதிய ஓய்வின்றி அளவுக்கு மேற்பட்ட டேக்குகளுக்குப் பிராணியைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் விதிகளில் உண்டு. முன்னர்ச் சொன்ன செலவுக் கணக்கோடு நேரே மோதும் விதி இதுவே. எத்தனை டேக் அளவுக்கு மேற்பட்டது, எத்தனை நிமிடம் போதிய ஓய்வு என்பதை விதி சொல்லவில்லை. கம்பி கட்டியதைக் கண்ணால் காணலாம். களைப்பை அளக்க அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும்.

அபராதமும் சான்றிதழும்

சட்டத்தின் பதினோராவது பிரிவின்படி பிராணியை வதைப்பவருக்கு முதற் குற்றத்தில் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிராணியைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அதற்குக் கெடுநோக்கு மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஒரு நாள் செலவு இலட்சங்களில் எண்ணப்படும் தொழிலில் 50 ரூபாய் ஒரு தடையாக இருக்குமென்று யாரும் கருத மாட்டார்கள்.

தயாரிப்பாளர் உண்மையில் அஞ்சுவது படம் வெளியாகாமல் நிற்பதையே. வட்டிக்கு வாங்கிய முதலீடு, அறிவித்த வெளியீட்டு நாள், ஒப்பந்தம் செய்த திரையரங்குகள் யாவும் சான்றிதழில் தொங்குகின்றன. இதனை உணர்ந்து பாதுகாப்பின் பிடியை அங்கே மாற்றியது பம்பாய் உயர் நீதிமன்றத்தின் 2005 ஆம் ஆண்டு உத்தரவு. பிராணிகள் இடம்பெறும் படத்திற்குப் பிராணிகள் நல வாரியத்தின் ஆட்சேபணை இல்லை என்னும் சான்றைத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் கேட்டுப் பெற வேண்டும் என்று அது பணித்தது. அடுத்த ஆண்டே ‘ரங் தே பசந்தி’ படத்தில் நிஹங் சீக்கியரின் குதிரையேற்றக் காட்சி பற்றி வாரியம் வினா எழுப்பியபோது, இந்த ஏற்பாட்டின் வலிமை நாடு முழுவதும் தெரிந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1952 ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டத்தின் கீழ் 1991 இல் வெளியிடப்பட்ட வழிகாட்டிக் குறிப்புகளும், பிராணிகளை வதைக்கும் காட்சிகள் தேவையின்றி இடம்பெறக் கூடாது என்றே கூறின. ஆனால் அவற்றின் கவலை பார்ப்பவரின் மனத்தைப் பற்றியது. திரையில் வதைபோல் தோன்றுவது வேறு, எடுக்கும்போது வதைத்தது வேறு. கொடூரமாகத் தோன்றும் காட்சி பொம்மையைக் கொண்டோ கணினி வரைகலையாலோ ஆகியிருக்கலாம்; அந்திவானத்தின் முன் அழகாகப் பாயும் குதிரை அன்று காலை முதல் தண்ணீர் காணாததாக இருக்கலாம். படத்தைப் பார்ப்பதால் மட்டும் எது எதுவென்று எந்தக் குழுவாலும் சொல்ல இயலாது. படப்பிடிப்புக்கு முன் பெறும் அனுமதியும் தளத்தில் இருக்கும் சாட்சியும் இல்லாமல், இறுதியில் தரும் சான்று வெறும் நம்பிக்கைச் சீட்டாகவே இருக்கும்.

பிற நாடுகளும் இதே இடத்திற்கு வேறு வழிகளில் வந்தன. பிரிட்டனின் 1937 ஆம் ஆண்டுச் சட்டம், பிராணியைத் துன்புறுத்தி எடுத்த காட்சி அடங்கிய படத்தைத் திரையிடுவதையே குற்றமாக்கியது. அமெரிக்காவில் 1939 இல் வெளிவந்த ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்திற்காகச் செங்குத்துப் பாறையிலிருந்து குதிரை ஒன்று நீரில் தள்ளப்பட்டு இறந்தது. அதனால் எழுந்த கண்டனத்தையடுத்து அமெரிக்க ஹியூமேன் சங்கம் 1940 இல் ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்தது. 1960களின் நடுவில் பழைய தணிக்கை அமைப்பு கலைந்ததும் சங்கத்தைத் தளத்திற்குள் விடும் கட்டாயம் நீங்கியது. 1980 இல் ‘ஹெவன்ஸ் கேட்’ படத்தைச் சூழ்ந்த புகார்களுக்குப் பின், திரைநடிகர் சங்கத்தின் தொழில் ஒப்பந்தத்தின் வழியே அக்கட்டாயம் மீண்டும் வந்தது. ‘எந்தப் பிராணியும் துன்புறுத்தப்படவில்லை’ என்ற பொருளுடைய வாசகம் அங்கே அச்சங்கத்தின் பதிவு செய்த முத்திரை. அதன் பிரதிநிதி தளத்தில் இருந்து பார்த்தாலன்றித் தரப்படுவதில்லை. நம் படங்களின் தொடக்கத்தில் வரும் ஒத்த வாசகம் தயாரிப்பாளரின் உறுதிமொழி. சொற்கள் ஒன்றாயினும் சொல்பவர் வேறு.

தளத்தில் யார் இருக்கிறார்?

சட்டத்தின் 25 ஆம் பிரிவு, அதிகாரம் பெற்ற அலுவலருக்கும் உதவி ஆய்வாளருக்குக் குறையாத காவல் அலுவலருக்கும் பிராணிகள் பழக்கப்படும் இடத்திற்குள் நுழைந்து பார்க்கும் உரிமையைத் தருகிறது. உரிமை ஏட்டில் உள்ளது, ஆள்தான் இல்லை. 2019 முதல் கால்நடை பராமரிப்புத் துறையின் பொறுப்பில் உள்ள வாரியம், மும்பை, சென்னை, ஹைதராபாத், கொச்சி, கொல்கத்தா என்று பரந்துகிடக்கும் படப்பிடிப்புகளை ஹரியானாவிலிருந்து நேரில் பார்க்க முடியாது. உள்ளூர்க் கால்நடை மருத்துவரையும், 2001 ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்டந்தோறும் அமைய வேண்டிய பிராணிவதைத் தடுப்புச் சங்கங்களையும் நம்ப வேண்டியிருக்கிறது. அச்சங்கங்கள் எல்லா மாவட்டங்களிலும் உயிரோட்டத்துடன் இயங்குவதாகக் கூற முடியாது.

தளத்தில் இருக்கும் மருத்துவருக்குக் கட்டணம் தருபவர் தயாரிப்பாளர் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. “குதிரைக்கு ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும்” என்று அவர் சொன்னால் நூறு பேர் சும்மா நிற்பார்கள். அடுத்த முறை அவரை அழைப்பார்களா என்ற ஐயம் அவருக்கு எழாமல் இராது. கட்டணத்தை வாரியத்திடம் முன்பணமாகச் செலுத்தி, வாரியமே மாநிலக் கால்நடைத் துறையின் பட்டியலிலிருந்து மருத்துவரை அனுப்பும் முறை இருந்தால், தயாரிப்பாளருக்குச் செலவு கூடாது. மருத்துவரின் சொல்லுக்கு மட்டும் மதிப்புக் கூடும். அணைக்கட்டுப் பணியில் கலவையின் தரத்தை ஒப்பந்தக்காரரின் ஆளே சோதிப்பதை எந்தப் பொறியாளரும் ஏற்பதில்லை.

வரைகலையும் வலைத்தளமும்

கடந்த இருபதாண்டுகளில் கணினி வரைகலை இச்சிக்கலின் ஒரு பகுதியைத் தானே தீர்த்துவிட்டது. புதுச்சேரியிலும் மூணாறிலும் சில பகுதிகள் எடுக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தின் புலி பெரும்பாலும் கணினியில் உருவானது. தடைப்பட்டியலில் உள்ள விலங்குகளைக் காட்ட இந்தியத் தயாரிப்பாளருக்கும் இதுவே வழி. அத்தகைய காட்சிகளில் திரையின் ஓரத்தில் ‘சி.ஜி.ஐ.’ என்ற எழுத்துகள் தோன்றுவதை இன்று சிறுவர்களும் அறிவர். எனினும் புலியை வரைவதற்கு ஆகும் செலவைப் பெரிய படங்களே தாங்கும். வாடகைக்குக் கிடைக்கும் குதிரை, நாய், மாடு ஆகியவற்றை வரைவது சிறு தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே வரைகலை காப்பாற்றுவது பெரும்பாலும் காட்டு விலங்குகளையே. வீட்டு விலங்குகள் முன்போலவே தளத்திற்கு வந்து நிற்கின்றன.

புதிய சிக்கல் இணையவழித் தொடர்களால் வந்துள்ளது. அவை திரையரங்கில் வெளியாவதில்லை. 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வெளியிடுவோரே தம் படைப்புகளை வயதுவாரியாக வகைப்படுத்திக்கொள்கின்றனர். திரைப்படச் சான்றிதழ் தேவைப்படாத இடத்தில், சான்றிதழைப் பிடித்துத் தொங்கிய பாதுகாப்பும் நழுவுகிறது. மேலும், நுழைவுச் சீட்டு விற்றுப் பொதுமக்களை அனுமதிப்பதே காட்சி என்ற 1960 ஆம் ஆண்டின் சொற்கள், சந்தா செலுத்தி வீட்டிலிருந்து பார்ப்பதற்குப் பொருந்துமா என்று வழக்கறிஞர் கேட்டால் விடை எளிதன்று. மீதமிருப்பது எங்கும் எவருக்கும் பொருந்தும் பதினோராவது பிரிவு. அதன் அபராதத்தை முன்பே கண்டோம். 2022 நவம்பரில் கால்நடை பராமரிப்புத் துறை பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்ட திருத்த மசோதாவின் வரைவு, தண்டனைகளை வெகுவாக உயர்த்த முன்வந்தது. ஆனால் தண்டனையை உயர்த்துவது நிகழ்ந்து முடிந்த வதைக்கே பதிலாகும். இணையத் தொடர்களைப் பொறுத்தவரை, ‘காட்சி’ என்ற சொல்லின் பொருளை விரித்து, படப்பிடிப்புக்கு நான்கு வாரங்களுக்கு முன் தகவல் தரும் கடமையைத் தயாரிப்பாளரின் மேல் நேரடியாகச் சுமத்துவதற்குச் சட்டத்திலும் விதிகளிலும் சில வரிகளை மாற்றினாலே போதும்.